கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் சிறுவனுக்குப் போதைப் பழக்கம் இருந்தால்? சட்டம் சொல்வது என்ன?

போதைப் பழக்கம் உள்ள சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தவுடன் போதை நின்றுபோகும். ஆனால் உடம்பு கேட்குமா? தூக்கம் வராது, கை நடுங்கும், எரிச்சல் பொங்கும். 'திமிர் பண்றான்'னு நினைத்துவிடுவார்கள். அவனுக்குத் தேவை அதட்டல் இல்லை, சிகிச்சை.

எந்தப் போதை?
2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்வோர் 10-17 வயதினரில் 1.17%; பெரியவர்களில் 0.58%தான்.

சட்டம் என்ன தருகிறது?
சிறார் நீதிச் சட்டம் 2015-ன் பிரிவு 53, இல்லங்களில் மனநல ஆலோசனையும் தேவைப்பட்டால் போதை மீட்பு சிகிச்சையும் தரச் சொல்கிறது. பிரிவு 93-ன்படி, மனநல மருத்துவமனைக்கோ போதை மறுவாழ்வு மையத்துக்கோ மாற்ற சிறார் நீதிக் குழுமம் உத்தரவிடலாம். சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு, பிரிவு 77-ன்படி 7 ஆண்டு வரை கடுங்காவல்.

நீங்கள் என்ன செய்யலாம்?
வழக்குக்குப் பாதகமாகிவிடுமோ என்று பயந்து பல பெற்றோர் பழக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். மறைத்தால் சிகிச்சைதான் தள்ளிப்போகும். வக்கீலிடம் பேசிவிட்டு, முதல் விசாரணையிலேயே குழுமத்திடம் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்; கட்டணம் கிடையாது.