கடலும் மலையும் நெருக்கும் சேன்-தெனி

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவை நம் புதுச்சேரிக்காரர்கள் யாரும் எளிதில் மறக்கமாட்டோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் நகராமல் நின்று கொட்டிய மழை, ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி வந்துவிட்டது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் படகு விட்டார்கள். மறுநாள் மாலை ரெயுனியோன் தீவிலிருந்து என் அக்காள் மகள் பேசினாள். "மாமா, டிவியில பார்த்தேன். எவ்வளவு பேஞ்சுது?" என்று கேட்டாள். சொன்னேன். "அவ்வளவுதானா? தண்ணி போக வழியில்லாமத்தான் நின்னுருக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் வாழும் ஊரை நினைத்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தவறில்லை. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த காலத்தில் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வேலை சில வருடங்கள் என்னிடம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் எழுதினாலே கை கொஞ்சம் நடுங்கும். எந்த ஏரி உடைந்தது என்று போன் வரும். பிறகு மாஹேவுக்கு மாற்றிப் போட்டார்கள். அங்கே ஜூன் மாதம் முழுக்க வெயிலைப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதுச்சேரிக்கு வருடம் 1,300 மில்லிமீட்டர் வாக்கில் பெய்தால், மாஹேவுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டும் கடற்கரை ஊர்தான். மாஹேவுக்கு முதுகுக்குப் பின்னால் மலைத்தொடர் இருக்கிறது, நமக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரத்தைச் சுமக்க முடியாது, கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் போகும்போது அது வெறும் காற்று.

இதை நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். எங்கள் காலத்துப் பூகோளப் புத்தகத்தில் சேன் நதியும் ரோன் நதியும் எங்கே பிறக்கின்றன என்று இருக்கும். நம் சங்கராபரணி செஞ்சி மலைப்பக்கம் பிறக்கிறது என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், கடல்கடந்த பிரெஞ்சு நிலங்கள் என்ற தலைப்பில், சிறு பொட்டாக ரெயுனியோன் இருக்கும். பெரியவர்கள் அதைப் பழைய பெயரில் புர்போன் என்பார்கள். என் பாட்டியின் பெரியப்பா ஒருவர் அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால் "நான் புர்போனுக்கே போயிடறேன்" என்று சொல்வது எங்கள் குடும்பத்து வழக்கம்.

2011-இல் நான் புர்போனுக்கே போனேன், கோபமில்லாமல், விமானத்தில்.

தீவு மொத்தம் 2,512 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் நான்கையும் சேர்த்தால்கூட அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும். அந்த அளவு நிலத்தின் நடுவில் 3,070 மீட்டர் உயரத்துக்குப் பித்தோன் தெ நேழ் என்ற அணைந்த எரிமலை நிற்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட 400 மீட்டருக்கு மேல் உயரம். தென்கிழக்கில் இன்னொரு எரிமலை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆக, கடலிலிருந்து நேராக எழுந்த ஒரு மலை, அதன் பாதத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்ட ஊர்கள், இதுதான் ரெயுனியோன். வடக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது தலைநகர் சேன்-தெனி.

கடற்கரையில் பராஷுவா என்ற இடத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தால், தெருக்கள் நம் வெள்ளைக்காரத் தெருக்கள் போலவே கட்டம் கட்டமாக, நேராகப் போகின்றன. கொஞ்ச தூரம்தான். அதன்பின் தெரு படியேறத் தொடங்குகிறது. 800 மீட்டர் உயரத்தில் லெ புருய்லே என்று ஒரு பேட்டை, அதுவும் இந்த நகராட்சிதான். கீழே வியர்வை வழிய மீன் வாங்கிக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் மேலே போய்ச் சால்வை போர்த்திக்கொள்ளலாம். அதற்கும் மேலே 2,277 மீட்டரில் ரோஷ் எக்ரித் சிகரம். அதைப் பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிடும்.

நாங்கள் போனது டிசம்பர். அங்கே அது கோடையின் ஆரம்பம். நமக்கு மே மாதத்தில் பூக்கும் மயில்கொன்றை அங்கே கிறிஸ்துமஸுக்குப் பூத்துத் தெருவெல்லாம் சிவப்பாக இருந்தது. சந்தையில் லிச்சிப் பழம் குவிந்து கிடந்தது. வெயில் என்று எல்லோரும் விசிறிக்கொண்டார்கள், எனக்கு அது நம் தை மாதம் மாதிரி இருந்தது. தென்கிழக்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்று, அலிசே என்பார்கள், அந்த ஊரின் வெயிலை அடக்கிவைக்கிறது. தீவின் கிழக்கைக் 'காற்றுப் பக்கம்' என்றும் மேற்கைக் 'காற்றின் மறைவுப் பக்கம்' என்றும் பிரிப்பார்கள். கிழக்குச் சரிவில் தாகமாகா என்ற இடத்தில் வருடத்துக்கு ஏழு மீட்டர் மழை, மேற்குக் கரையில் சில இடங்களில் அரை மீட்டர். இரண்டுக்கும் இடையில் காக்கை பறக்கும் தூரம் 40 கிலோமீட்டர் இருக்கும். கிழக்கில் மிகுதியாக இருக்கும் தண்ணீரை மலையைக் குடைந்து மேற்கு வயல்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

சாதாரண நாள் மழை இப்படி. புயல் வந்தால் கதை வேறு. 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் தெனீஸ் புயலின்போது, எரிமலைப் பக்கம் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீட்டர். உலகத்தில் ஒரு நாள் மழைக்கு அதுதான் சாதனை. 1980 ஜனவரியில் இயசேந்த் புயல் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தது. 15 நாளில் கொம்மெர்சோன் எரிமலைவாயருகே 6,083 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது அதே இடத்தில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல். நமக்கு மூன்று வருடத்தில் பெய்யும் மழை அது. சிறுவயதில் சிரபுஞ்சிதான் உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் என்று மனப்பாடம் செய்தோமே, ஒரே வருடத்தில் பெய்த அதிகபட்ச மழைக்கு அது சரி. நாள் கணக்குக்கு வந்தால் பெரும்பாலும் இந்தத் தீவுதான். மழைப் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதிய எழுத்தரை நினைத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? மலை செங்குத்து, கடல் பக்கத்தில். ஆகவே தேங்குவதில்லை, ஓடுகிறது. ஓடும்போது பாறையையும் மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. 1875 நவம்பரில் சலாஸி பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு கிராமம் ஒன்றையே மூடி அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தது. ஓடைகளின் மேல் நம்மூர்த் தரைப்பாலம் போலப் பல இடங்களில் கட்டியிருக்கிறார்கள். மேலே எங்கோ மலையில் பெய்யும், கீழே வெயில் அடிக்கும், தரைப்பாலத்தில் திடீரென்று தண்ணீர் வந்துவிடும். அதனால் ஓடையில் கால் வைக்கக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் தலைநகரை வைத்தார்கள் என்று கேட்கலாம். முதலில் மேற்கே சேன்-போல் தான் தலைமையிடம். 1738-இல் அதை சேன்-தெனிக்கு மாற்றியவர் மாஹே தெ லா புர்தொனே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இவர் தெரிந்த மனிதர். 1746-இல் சென்னையைப் பிடித்து, துய்ப்ளேக்ஸோடு சண்டை போட்டுக்கொண்டவர். அந்த அக்டோபரில் சென்னைக்கு எதிரே அவருடைய கப்பல்களைப் புயல் சிதறடித்தது. அவருடைய நிர்வாகத்துக்கு மையம் மொரீசு. காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலத்தில், மொரீசுக்குப் போகவர சேன்-தெனி வசதி. ஆனால் துறைமுகம் கிடையாது. நம் புதுச்சேரியைப் போலவே கப்பல் தள்ளி நிற்க, படகில் ஆளும் சரக்கும் இறங்க வேண்டும். இறங்குதுறை கட்டக் கட்ட அலை கொண்டுபோயிற்று. நம் பழைய பாலத்தை 1952 புயல் சாய்த்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் 1880-களில்தான், மேற்கே வேறொரு இடத்தில் தோண்டி உண்மையான துறைமுகம் கட்டினார்கள்.

அதில்தான் வம்பு. துறைமுகத்துக்கும் தலைநகருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலில் நேராக இறங்கும் பாறைச்சுவர். நடக்கக்கூட மணல் கிடையாது. மலைமேல் ஏறி இறங்க வேண்டும், அல்லது படகு. 1882-இல் ரயில் விட்டபோது அந்தச் சுவருக்குள்ளேயே 10 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, வெட்டிய கல்லைக் கடலில் தள்ளினார்களாம். 1963-இல் பாறையடியிலேயே கடலோரமாகச் சாலை போட்டார்கள், 1976-இல் அகலமாக்கினார்கள். அன்றுமுதல் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மேலிருந்து விழும் கல். வலை கட்டிப் பார்த்தார்கள், மழை பெய்தால் ஒரு பக்கத்தை மூடிப் பார்த்தார்கள். 2006 மார்ச்சில் பாறைச் சரிவில் இரண்டு பேர் இறந்தார்கள். நான் போனபோது என் அக்காள் மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டினார். வழக்கமாக ஓயாமல் பேசுகிறவர், அந்த 12 கிலோமீட்டரும் வாய் திறக்கவில்லை.

பிறகு கடலுக்குள்ளேயே தூண் நிறுத்தி 5.4 கிலோமீட்டர் பாலம் கட்டி, 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். மீதித் தூரத்துக்குக் கடலில் கல்லைக் கொட்டிக் கரை போட வேண்டும் என்று திட்டம். அதற்குக் கல் கிடைக்கவில்லை! தீவே பாறை, ஆனால் எந்த ஊர்க்காரரும் தம் ஊரில் கல்லுடைக்கச் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பாலம் கரையேறும் இடத்துக்குப் பெயர் கிராந்த் ஷலூப். பாறைச்சுவரில் ஒரு வெடிப்பு, ஓர் ஓடை கடலில் கலக்கும் சிறு பள்ளம். 1810 ஜூலையில் ஆங்கிலேயர் தீவைப் பிடிக்க வந்தபோது ஒரு பிரிவு இறங்கியது இங்கேதான். அந்தப் படையெடுப்பில் சென்னைப் படையின் சிப்பாய்களும் இருந்தார்கள். பிற்பாடு இங்கே லசாரே கட்டினார்கள். நோய்த்தடுப்பு முகாம் என்று சொல்லலாம். 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலிகள் போனார்கள். ஊருக்குள் விடுமுன் காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்க்க, இந்தப் பள்ளத்தில் அடைத்துவைத்தார்கள். முன்னால் கடல், மூன்று பக்கமும் மலை. காவலே தேவையில்லாத இடம்.

ஒரு கட்டடத்தைச் செப்பனிட்டுக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். கருங்கல் சுவர், நீண்ட கூடம். நான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மலை கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நின்றது. புதுச்சேரிப் பக்கத்து மனிதனுக்கு மலை என்றால், பஸ்ஸில் போகும்போது தூரத்தில் தெரியும் செஞ்சிக் குன்றுகள். ஏரிக்கரைதான் அவன் பார்த்த உயரம். அப்படிப்பட்டவன் ஒரு மாதத்துக்கும் மேல் கப்பலில் கிடந்து, இறங்கியதும் இதைப் பார்த்திருப்பான். அவன் போன காலம் ஜனவரி என்றால் புயலும் பார்த்திருப்பான். பாட்டியின் பெரியப்பா எந்தக் கப்பலில் போனார், எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் பெயரும் பாட்டியோடு போய்விட்டது. பெயர் தெரியாத ஒருவரைப் பதிவேட்டில் தேட முடியாது என்பது, முப்பத்து நாலு வருடம் பதிவேடு எழுதிய எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கே சுவரில் எழுதியிருந்த பெயர்களை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாப்பிள்ளை வண்டியில் காத்துக்கொண்டிருந்தார்.

1860-களின் கடைசியில் தீவுக்கு மலேரியா வந்தது. வசதியுள்ளவர்கள் சேன்-தெனியை விட்டுக் குளிர்ந்த மேட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள். கொசு அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. கரும்பு இருந்தது கீழே, கூலிகளும் கீழேயே இருந்தார்கள். ஒரே ஊரில் உயரத்துக்கு ஒரு தட்பவெப்பம் என்று புத்தகத்தில் படித்தபோது இது எனக்குத் தோன்றவில்லை.

2025 பிப்ரவரி 28-இல் காரான்ஸ் புயல் அடித்தது. வடக்குக் கரைக்குத்தான் பலத்த அடி. இரண்டு நாள் கழித்துத்தான் அக்காள் மகள் போனில் கிடைத்தாள். கூரை தப்பித்தது, மாமரம் போயிற்று, மின்சாரம் இல்லை என்றாள். நான் பழையதை மனத்தில் வைத்துக்கொண்டு, "தண்ணி நிக்கலையே?" என்று கேட்டேன்.

"நிக்கல மாமா. குழாயிலயும் வரல. மலைத்தண்ணி முழுக்கச் சேறு. மூணு நாளா வாளி வெச்சு மழைத்தண்ணி புடிச்சுக்கிட்டிருக்கோம்" என்றாள்.