ஒரு கோளுக்கு யார் பெயர் வைப்பது?

1781 மார்ச் 13 இரவு. இங்கிலாந்தின் பாத் நகரில், வீட்டுப் பின்வளவில், தானே செய்த தொலைநோக்கியோடு வில்லியம் ஹேர்ஷல் நிற்கிறார். ஜேர்மனியில் பிறந்தவர், பிழைப்புக்கு இசை. ஒரு ஒளிப்புள்ளி வித்தியாசமாகத் தெரிகிறது. பெருப்பித்துப் பார்த்தால் மற்ற விண்மீன்கள் புள்ளியாகவே இருக்க, இது மட்டும் தட்டு மாதிரிப் பெருக்கிறது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருக்கிறது. வால்வெள்ளி எண்டுதான் அவர் அறிவிச்சார்.

அது கோள் எண்டு காட்டினது கணக்கு. லெக்செல் போன்றவர்கள் கணித்தபோது, அதன் பாதை சனிக்கும் அப்பால் கிட்டத்தட்ட வட்டமாக இருந்தது. இன்னொரு வேடிக்கை: கிறீன்விச்சில் இருந்த ஃபிளாம்ஸ்டீட் 1690இலேயே இதைக் கண்டு, விண்மீன் எண்டு பட்டியலில் எழுதி வைச்சிருந்தார். காணுறதும் கண்டுபிடிக்கிறதும் ஒண்டில்லை.

பெயர் வைக்கிற இடத்தில்தான் அரசியல் வருகிறது. ஹேர்ஷல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டி 'ஜோர்ஜின் விண்மீன்' என்றார். மன்னர் அவருக்கு வருடம் 200 பவுண் குடுத்தார். அதே ஆண்டுகளில்தான் அந்த மன்னர் அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்துகொண்டிருந்தார். பூமியில் நிலம் போக, வானத்தில் ஒரு கோள்!

பிரித்தானியாவுக்கு வெளியே அந்தப் பெயர் எடுபடேல்லை. பிரெஞ்சுக்காரர் சிலர் 'ஹேர்ஷல்' என்றே அழைத்தார்கள். ஜேர்மன் வானியலாளர் போட, கிரேக்கப் புராணத்திலிருந்து 'யுரேனஸ்' என்றார். வியாழனின் தகப்பன் சனி என்றால், சனியின் தகப்பன் யுரேனஸ்தானே. 1789இல் கிளாப்ரோத் தான் கண்டுபிடித்த தனிமத்துக்கு 'யுரேனியம்' எண்டு வைச்சதும் இந்தப் பெயரை ஒட்டித்தான். பிரித்தானியக் கடற்பஞ்சாங்கம் மட்டும் 1850 வரை மன்னரின் பெயரை விடவில்லை.

இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு வால் இருக்கு. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிடம் ஆளுக்கொரு விண்மீனையும் அதன் கோளையும் குடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இலங்கைக்கு வந்த விண்மீன் 'சாமய', சிங்களத்தில் சமாதானம். கோள் 'சமய', காலம். இடையில் ஒரு நெடில்தான் வித்தியாசம். 'சமயம்' எங்கட மொழியிலயும் காலம்தான். அழகான பெயர்கள், குறை சொல்ல ஒண்டுமில்லை.

ஆனா, அப்ப நான் பள்ளிக்கூடத்தில். இப்படி ஒண்டு நடக்குது எண்டு எங்கட வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. முடிவு வந்தபிறகும் தெரியாது. போன வருசம்தான் தற்செயலாக வாசிச்சன். சமாதானம் எண்டு இந்த நாடு ஒரு விண்மீனுக்குப் பெயர் வைக்கேக்க, எங்களில் எத்தனை பேர் ஒரு பெயராவது அனுப்பியிருப்பம்?

அடுத்த முறை இப்படி ஒரு அழைப்பு வந்தால், கண்டவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ.