பெயரும் பட்டறையும்: அமெரிக்க நீள்குழல் றைபிள்களின் கம்மியரை இனங்காணல் பற்றிச் சில குறிப்புகள்

கைவினைப் பொருளொன்றை ஆக்கியவர் யார், அஃது எங்கு ஆக்கப்பட்டது என்னும் வினாக்கள் நூதனசாலைப் பொறுப்பாளரின் அட்டவணைக்கு மட்டும் உரியனவல்ல. உழைப்பின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கும் அவை அடிப்படையானவை. ஆட்சியாளரும் நிலவுடைமையாளரும் ஆவணங்களிற் பெயரோடு இடம்பெறுகின்றனர். உலைக்களத்தில் நின்றோரைப் பெரும்பாலும் அவர்தங் கைவேலையைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆக்கப்பட்ட நீள்குழல் றைபிளை நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. எஞ்சியுள்ள கைவினைப் பொருள்களுள் இதனைப்போல் ஒவ்வோர் ஆணி, ஒவ்வோர் அரத்தடம் வரை நுணுகி ஆராயப்பட்டவை சிலவே. அவ்வளவு ஆராய்ந்தும் அந்த ஆராய்ச்சி யாரைக் கண்டுகொண்டது, யாரைக் காணத் தவறியது என்பதே நமது வினா.

பொருளை முதலில் அறிமுகஞ் செய்தல் தகும். அக்காலப் படைவீரரின் மஸ்கெற்றுத் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பானது. விரைவில் மருந்திடலாம், குறி தவறும். றைபிளின் குழலினுள்ளே சுருள்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். கொழுப்புத் தடவிய சிறு துணியிற் சுற்றிய ஈயக்குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறுவதால் நெடுந்தூரம் நேராகச் செல்லும். மத்திய ஐரோப்பாவின் ஜேர்மன் மொழிப் பிரதேசங்களில் வேட்டையாடுவோர் பயன்படுத்திய குட்டையான, கனத்த றைபிள் இதன் மூதாதை. அப்பிரதேசங்களிலிருந்து பென்சில்வேனியாவின் தென்கிழக்குக்குக் குடிபெயர்ந்த கம்மியரின் கையில் அது மெல்ல மாற்றமுற்றது. எண்கோணக் குழல் 40 அங்குலத்துக்கு மேல் நீண்டது; கட்டை மெலிந்தது; அலையலையான இழையோட்டமுள்ள மேப்பிள் மரம் விரும்பப்பட்டது; பிடியின் வலப்புறத்தில் துணித்துண்டுகளை வைப்பதற்கான சிறு பெட்டிக்கு அணிவேலை செய்த பித்தளை மூடி பொருத்தப்பட்டது.

இதற்கு வழங்கும் 'கென்ரக்கி றைபிள்' என்னும் பெயரே ஆராயத்தக்கது. 1815 ஜனவரி 8இல் நியூ ஓர்லியன்சில் ஆங்கிலப் படை தோல்வியுற்றபின், அவ்வெற்றியைக் கென்ரக்கி வேடர்களுக்கு உரியதாக்கிய பாட்டொன்று 1820களில் நாடெங்கும் பரவிற்று. ஆயின் அப்போருக்கெனக் கென்ரக்கியிலிருந்து வந்து சேர்ந்த குடிப்படையினரிற் பெரும்பாலோரிடம் ஆயுதமே இருக்கவில்லை. ஆங்கிலப் படையைச் சிதைத்ததிற் பீரங்கிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இருந்தும் பெயர் நிலைத்தது. 1924இல் வெளிவந்த டிலினின் முன்னோடி நூலும் அப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. 1960இல் ஹென்றி கோஃப்மன் தமது நூலுக்குப் 'பென்சில்வேனியா-கென்ரக்கி றைபிள்' எனப் பெயரிட்டார். ஆக்கியோரின் நாட்டைப் பயன்படுத்தியோரின் நாட்டுக்கு முன்னே வைப்பதற்கு ஒரு சிறுகோடு தேவைப்பட்டது.

தோற்றம்பற்றிய மற்றொரு கதை லாங்காஸ்ரர் பிரதேசத்துக்குரியது. சுவிற்சலாந்திலிருந்து வந்த மார்ற்றின் மைலின் என்பார் 1719 அளவில் அங்கு முதல் நீள்குழல் றைபிளைச் செய்தார் என்பது நெடுங்கால வழக்கு. அவருடைய பட்டறை எனக் காட்டப்படும் கற்கட்டடத்தின் அருகில் 2000களில் மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத்தார் அகழ்வு நடத்தினர். சாதாரண கம்மாலையின் கழிவுகளே அங்கு வெளிப்பட்டன. துவக்குத் தொழிலைத் தனித்துக் காட்டும் சான்று கிட்டவில்லை. கையொப்பமும் ஆண்டும் பொறிக்கப்பட்டனவாய் நாமறிந்த றைபிள்களுட் காலத்தால் முற்பட்டது றெடிங் நகரத்து ஜோன் ஷ்றைற்றுடையது; அதன் ஆண்டு 1761. இரண்டுக்குமிடையே நாற்பதாண்டுகள். அந்நாற்பதாண்டுகளை ஒரு தனிமனிதனின் கண்டுபிடிப்பால் நிரப்ப முயல்வது தேசிய வரலாற்றெழுத்தின் பழைய பழக்கம். பல பட்டறைகளிற் பலர் படிப்படியாகச் செய்த மாற்றத்துக்குப் பிறந்தநாள் குறிக்க முடியாது.

கையொப்பமில்லாதவையே மிகுதியாதலின், ஆராய்வோர் நடையைக் கொண்டு இனங்காணும் முறையை வளர்த்தனர். 1960இல் வெளிவந்த ஜோ கின்டிக்கின் பெருநூல் இம்முறையை நிலைநிறுத்திற்று எனலாம். கையொப்பமுள்ளவற்றை அடிப்படையாகக் கொண்டு, ஒத்த தன்மையுடையவற்றை அவற்றோடு சேர்த்து, 'பள்ளி'களாக வகுப்பது அம்முறை. லாங்காஸ்ரர்ப் பள்ளியிற் பிடியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நேர்கோடாகச் செல்லும். பெட்டி மூடியின் தலையில் டெய்சிப் பூவின் வடிவம் அடிக்கடி காணப்படும். லீஹை பள்ளத்தாக்கில் பிடி மேலே மெல்ல வளைந்து, உரோமர் மூக்கு எனச் சேகரிப்போர் கூறும் வடிவம் பெறும். பெட்ஃபோட் பகுதியின் பிற்காலத் துவக்குகளை அவற்றின் ஒடுங்கிய நீண்ட பொறித்தகடு உடனே காட்டிக்கொடுக்கும்.

இவ்வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின? பயிற்சி முறையே இதற்கு விடை. பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒப்பந்தத்தின்மூலம் ஆசானிடம் கட்டுப்படுவான். இருபத்தொரு வயதுவரை உணவும் உடையும் தொழிலறிவுமே அவன் பெறும் ஊதியம். ஆசானின் மாதிரித் தகட்டை வைத்து வரைந்து, ஆசானின் வளைவையே ஆயிரந்தடவை சீவிய கை, தனிப்பட்டறை கண்ட பின்னரும் அவ்வளைவை எளிதில் விடுவதில்லை. ஆகவே நாம் 'பள்ளி' எனக் கூறுவது நிலப்படத்தில் உள்ள எல்லையன்று. ஆசான் மாணவன் என்னும் உழைப்புறவின் தொடர்ச்சி. பென்சில்வேனியாவில் நிலவிலை ஏற, தொழில் கற்ற இளைஞர்கள் பெருவண்டிப் பாதை வழியே தெற்கே மேரிலன்ட், வேர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு, வட கரோலைனா எனப் பரவினர். வேர்ஜீனியாவில் லாங்காஸ்ரர் வளைவைக் காண்பவர் அதனை 'லாங்காஸ்ரரில் ஆக்கப்பட்டது' எனக் கூறிவிடுதல் இதனாலேயே பெருந்தவறாகிறது. அவ்வளைவு கூறுவது கற்ற இடத்தை. செய்த இடத்தைக் கூற இழைப்புளியாற் சீவப்பட்ட மரமும் வரி இடாப்பும் வேண்டும்.

பொருளே ஒருவரின் ஆக்கமன்று என்பதும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. தட்டையான இரும்புப் பாளத்தைச் செந்தணலிற் கம்பியொன்றைச் சுற்றி மடித்து, அங்குலமங்குலமாக ஒட்டவைத்துக் குழலாக்குவது கடும் உழைப்பு. ஒருவர் பிடிக்க மற்றொருவர் அடிக்க வேண்டும். காலப்போக்கில் இவ்வேலையை நீர்விசையில் இயங்கிய குழல் ஆலைகள் ஏற்றன. பட்டறைக்காரர் ஆயத்தக் குழலை விலைக்கு வாங்கினர். விடுதலைப் போருக்குப் பின்வந்த துவக்குகள் பலவற்றின் பொறி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்து வந்தது. பொறித்தகட்டிற் 'கெற்லன்ட்' எனக் காணப்படின் அது துவக்கைச் செய்தவரின் பெயரன்று, பொறியை ஏற்றுமதி செய்த நிறுவனத்தின் பெயர். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் இன்றும் முதலில் ஏமாறும் இடம் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் சிக்கிமுக்கிப் பொறிகள், அடிபட்டவுடன் வெடிக்கும் செப்பு மூடியைக் கொண்ட பொறிகளாக மாற்றப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில், பழைமை மிகுந்தாற்போல் தோன்றுதற்காக அவற்றுட் பல மீண்டும் சிக்கிமுக்கிக்கு மாற்றப்பட்டன.

குழலின் மேற்புறத்துப் பெயரும் எச்சரிக்கையோடு படிக்கப்பட வேண்டியது. முதலெழுத்துகள் மட்டும் இருப்பின், அக்கால வழக்கில் 'ஜே'க்கு 'ஐ' நின்றது என்பதை மறத்தலாகாது. ஜேர்மனியிலிருந்து சிறுவயதில் வந்து லாங்காஸ்ரரிற் புகழ்பெற்ற ஜேக்கப் டிக்கேட்டின் (1740–1822) பெயரை ஆங்கிலக் காது 'டெக்கட்' எனக் கேட்டது. தெற்கே எல்லைப்புறத்தில் 'டெக்கட் றைபிள்' என்பது ஒரு வகைப்பெயர் போலவே வழங்கிற்று. அவரோ 'டிக்கேட்-கில்' எனக் கூட்டாகவும் தொழில் நடத்தியவர். 1792இல் ஐக்கிய அமெரிக்க அரசு தன் படைக்கென றைபிள்களை ஒப்பந்தத்திற் கொள்வனவு செய்தபோது அவற்றைச் செய்து கொடுத்தோருள் அவரும் ஒருவர். இத்தகைய ஒருவரின் கையொப்பத்தை ஒரு கையின் அடையாளமாகக் கொள்வது பொருந்தாது. அது ஒரு நிறுவனத்தின் முத்திரை.

இம்முறையின் பலவீனத்தைக் காட்டுவதற்கு வூல்ஃப்காங் ஹாகாவின் வழக்கு போதுமானது. றெடிங்கில் அப்பெயருடைய துவக்குக் கம்மியர் ஒருவர் வாழ்ந்தமை வரி இடாப்புகளால் அறியப்படும். அவர் கையொப்பமிட்ட றைபிள் ஒன்றேனும் அறியப்படவில்லை. அதேவேளை அப்பகுதி நடையிலான, கையொப்பமற்ற, சிறப்புமிக்க றைபிள்கள் பல உள. கின்டிக் இவ்விரண்டையும் இணைத்து அவற்றை ஹாகாவுக்கு உரியன என்றார். உடலில்லாப் பெயருக்குப் பெயரில்லா உடல் வழங்கப்பட்டது. பின்வந்தோர் இதனை ஏற்காது, அவற்றைப் பல பட்டறைகளின் ஆக்கங்களாக, 'றெடிங் பள்ளி' என்றளவில் நிறுத்துகின்றனர். கின்டிக்கின் கண் கூர்மையானது என்பதில் ஐயமில்லை. தொகுதியை அவர் பிரித்த முறையிற் பெரும்பகுதி இன்றும் பயன்படுகின்றது. தொகுதிக்கு ஓர் ஆசிரியர் இருந்தே ஆகவேண்டும் என்னும் எடுகோளே அவரை வழிதவறச் செய்தது. அவ்வெடுகோள் சந்தைக்கும் உகந்தது. பெயர் கிடைத்த துவக்கின் விலை ஏறும். பெயர் கிடைக்காத துவக்கிற் பெயர் வெட்டுவதற்கும் ஆள்கள் உளர்.

ஆவணங்களும் நடுநிலையானவையல்ல. வரி இடாப்புகள் வரி செலுத்தத்தக்க சொத்துடையோரைக் காட்டும். மரண சாசனங்களும் சொத்துக் கணக்குகளும் விட்டுச்செல்ல ஏதேனும் உடையோரைக் காட்டும். பயிலுநன் பெரும்பாலும் தப்பியோடும்போதே அச்சிற் பெயர்பெறுகின்றான். அவனைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு தருவதாக ஆசான் பத்திரிகையில் விளம்பரஞ் செய்வான். தென்பகுதிகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க வம்சாவளியினர் கம்மாலைகளிலும் துவக்குப் பட்டறைகளிலும் தொழில் செய்தனர். 1850ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடே குடும்பத் தலைவரை மட்டுமன்றிச் சுதந்திரமான ஒவ்வொருவரையும் பெயரோடு முதன்முதற் பதிந்தது. வளர்ந்த ஆண்களின் தொழிலையும் குறித்தது. அதே மதிப்பீட்டின் அடிமை அட்டவணையில் மனிதர்கள் உடைமையாளரின் பெயரின்கீழ் வயது, பால், நிறம் என்றே பதியப்பட்டனர். கையொப்பத்தையும் இடாப்பையும் பொருத்திப் பார்த்து 'ஆக்கியோன்' எனத் தீர்மானிக்கும் முறை, எவ்வளவு நேர்மையாகக் கையாளப்படினும், பட்டறையின் உடைமையாளரிடமே நம்மைக் கொண்டு சேர்க்கும்.

இதற்கு விலக்காகக் காட்டத்தக்கது கிறிஸ்ரியன்ஸ் ஸ்பிறிங் என்னும் மொறேவியச் சமயக் குடியிருப்பு. மணமாகாச் சகோதரர் கூடிவாழ்ந்த அங்கு, சிறுவர்களுக்குத் தொழில் பயிற்றப்பட்டது. அன்ட்றியாஸ் அல்பிறெக்ற் (1718–1802) ஆசானாயிருந்தார். அவரிடங் கற்ற கிறிஸ்ரியன் ஓட்டர் (1747–1777) அவருக்குப்பின் பட்டறையை நடத்தினார். மொறேவியர் நாட்குறிப்பையும் கணக்கையும் தவறாது எழுதிய மக்களாதலின், பட்டறைக்கு வந்த சிறுவர், போனவர், வாங்கிய இரும்பு ஆகியனவும் நமக்குத் தெரியவருகின்றன. ஆசானின் பெயருக்கு அப்பாற் செல்ல இயலும் என்பதற்கு இது சான்று.

ஆயின் அதே இடம் 'தோற்றம்' என்னும் சொல்லின் வேறொரு பொருளையும் நம்முன் வைக்கின்றது. அக்குடியிருப்பு நின்ற நிலம் லெனாபே மக்களுடையது. 1737இல் ஒருவர் ஒன்றரை நாளில் நடக்கக்கூடிய தூரம்வரை நிலம் தரப்பட்டதாகக் கூறும் பழைய பத்திரமொன்றைக் காட்டி, பென் குடும்பத்தினர் முன்கூட்டியே பாதை வெட்டி, தேர்ந்த ஓட்டக்காரரை அமர்த்தி, எதிர்பார்க்கப்பட்டதிலும் மிகப் பரந்த பிரதேசத்தைக் கவர்ந்தனர். அம்மூவருள் இறுதிவரை சென்றவர் எட்வேட் மார்ஷல். அவருடையதெனக் கூறப்படும் றைபிள் இன்று டோய்ல்ஸ்ரவுனிலுள்ள மேர்சர் நூதனசாலையில் உள்ளது. அதன் கட்டையின் செதுக்குவேலையைக் கொண்டு அதனைக் கிறிஸ்ரியன்ஸ் ஸ்பிறிங் மரபோடு இணைப்பர். செதுக்குவேலை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதனை எழுதியோருட் பலர் அவ்வொன்றரை நாளை உரிமையாளரின் வாழ்க்கைக் குறிப்பாக ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். மேலும், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் லெனாபே, ஷோனி மக்களும் றைபிளை விரும்பி வாங்கித் திறம்படக் கையாண்டனர். கிழக்கின் பட்டறைகளுக்கு அவர்களும் வாடிக்கையாளர். எல்லைப்புற வெள்ளையனின் கருவி என்னும் படிமத்தில் இவர்களுக்கு இடமில்லை.

கிறிஸ்ரியன் ஓட்டர் தம் குழல்களிற் பெயரும் ஆண்டும் பொறித்தவர். 1775ஆம் ஆண்டு பொறித்த அவருடைய றைபிள் ஒன்று, பென்சில்வேனியாவின் வலி ஃபோர்ஜ் நூதனசாலையில் 1971இல் களவுபோய், 2018இல் மீட்கப்பட்டது. அதனை அடையாளங்காண்பதிற் சிக்கல் எழவில்லை. பெயர் குழலிலேயே இருந்தது. பட்டறை ஏடுகளின் துணையோடு அத்தகைய துவக்குகளை மீண்டும் நோக்கி, கட்டையின் உட்பள்ளத்திலும் குழலின் அடிப்புறத்திலும் எஞ்சியுள்ள உளித்தடங்களையும் அரத்தடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எத்தனை கைகள் அங்கு வேலைசெய்தன எனக் காணும் பணி இன்னும் பெரும்பாலும் செய்யப்படாதிருக்கின்றது.