காசில் ஒளிந்திருக்கும் ஒற்றை எழுத்து

பழைய அமெரிக்கக் காசு ஏதாவது கையில் சிக்கினால் நான் தேடுவது இரண்டு விஷயம். ஒன்று வருஷம். இன்னொன்று, ஓரமாக ஒளிந்திருக்கும் பொடி எழுத்து. வருஷம் எப்போ அடிச்சாங்கன்னு சொல்லும், எழுத்து எங்கே அடிச்சாங்கன்னு சொல்லும். ரொம்ப சுலபம்னு தோணுதுல்ல? அங்கேதான் வரலாறு நம்மளை வம்புக்கு இழுக்குது :-)

முதலில் அடிப்படை. 1792ஆம் வருஷச் சட்டப்படி அமெரிக்காவின் முதல் நாணயச்சாலை பிலடெல்பியாவில் வந்தது. இருந்ததே ஒண்ணுதான், அதனால் எழுத்துக்குத் தேவையில்லை. 1838இல் கிளைகள் காசு அடிக்க ஆரம்பிச்சதும் அடையாளம் தேவைப்பட்டது. நியூ ஆர்லியன்ஸுக்கு 'ஓ', சார்லட்டுக்கு 'சி', ஜார்ஜியாவில் இருக்கும் டலோனிகாவுக்கு 'டி'. அப்புறம் 1854இல் சான் பிரான்சிஸ்கோ 'எஸ்', 1870இல் கார்சன் சிட்டி 'சிசி'. பிலடெல்பியா மட்டும் 1942 வரைக்கும் எழுத்தே போடலை.

இப்போ சிக்கலுக்கு வருவோம். 1906இல் டென்வரும் காசு அடிக்க ஆரம்பிச்சு அதே 'டி'யை எடுத்துக்கிச்சு. டலோனிகா 1861லேயே மூடியாச்சு, அங்கே அடிச்சது தங்கக்காசு மட்டும்தான். ஆக, எழுத்தை வருஷத்தோட சேர்த்துத்தான் படிக்கணும்.

எழுத்து இல்லாட்டி பிலடெல்பியான்னும் கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியாது. 1922இல் ஒரு சென்ட் காசு அடிச்சது டென்வர் மட்டும்தான். ஆனா அந்த வருஷக் காசு சிலதில் 'டி'யே தெரியாது. அச்சு தேய்ஞ்சு, எழுத்து அடைஞ்சு போனதுதான் காரணம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1861ஆம் வருஷ அரை டாலர். வெள்ளிக்காசு, பின்பக்கம் கழுகுக்குக் கீழே 'ஓ'. வருஷம் தெரியுது, ஊர் தெரியுது. ஆனா அடிச்சது யார்?

அடிமை முறையைக் காப்பாத்திக்க தெற்கு மாநிலங்கள் பிரிஞ்சு போன நேரம் அது. ஜனவரி கடைசியில் லூசியானா மாநிலம் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையைக் கைப்பற்றுச்சு. அதுக்கு முன்னாடி அமெரிக்க அரசு அடிச்சது 3,30,000 காசு. லூசியானா அடிச்சது 12,40,000. அப்புறம் தெற்குக் கூட்டமைப்பு அடிச்சது 9,62,633. மூணு அரசு, ஆனா அச்சு மாதிரி ஒண்ணேதான். அமெரிக்காவை எதிர்த்துச் சண்டை போட்டவங்களும் 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்'னு பொறிச்ச காசைத்தான் அடிச்சிருக்காங்க!

அப்போ எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது? கூட்டமைப்பு தன் சொந்தப் பின்பக்க அச்சை வெச்சு மாதிரிக்கு நாலே நாலு அரை டாலர் அடிச்சுப் பார்த்தது. முன்பக்கத்துக்குப் பழைய அமெரிக்க அச்சுதான். அந்த அச்சில் சுதந்திர தேவியின் மூக்கிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு விரிசல். சாதாரண 1861 'ஓ' காசுகள் சிலதிலும் இதே விரிசல் இருக்கு. அதை வெச்சுத்தான் இது கூட்டமைப்பு அடிச்சதுன்னு சேகரிப்பாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அரசாங்கம் வேணும்னு பொறிச்ச வருஷமும் எழுத்தும் சொல்லாததை, யாருமே பொறிக்காத ஒரு கீறல் சொல்லுது பாருங்க. உங்ககிட்ட பழைய அமெரிக்கக் காசு இருந்தா ஒரு பூதக்கண்ணாடியோட உக்காருங்க. வருஷம், எழுத்து ரெண்டையும் பார்த்துட்டு உடனே மூடி வெச்சுடாதீங்க. கீறலையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.