வில்லிவாக்கத்துத் தழும்பு

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில், ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார் மருத்துவர் ஜோசப் மரே. பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை, எழுபத்தொன்பது வயது வரை இருந்தார். கொடுப்பவருக்குக் கேடில்லை என்ற நம்பிக்கைக்கு இவ்வாழ்வே முதற்சான்று.

இந்தியாவில் இச்சிகிச்சை 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வெற்றி கண்டது. 1980களில் வந்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து, அயல் உறுப்பை உடல் மறுதலிக்கும் வேகத்தைத் தணித்தது. இரத்த உறவற்றவரின் சிறுநீரகமும் பயன்படும் என்றாயிற்று. நோயாளிக்கு வரமாக வந்த அம்மருந்தே சந்தைக்கும் கதவைத் திறந்தது. சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் அழைக்கத் தொடங்கியது இதன் பின்னரே.

உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் நடுவணரசுச் சட்டம் 1994-இல் வந்தது. எனினும், அன்பாலோ பற்றாலோ கொடுக்க முன்வரும் உறவல்லாதாருக்கு அனுமதிக் குழு இசைவளிக்கலாம் என்றொரு விதியும் அதில் இருந்தது. முன்பின் அறியாத செல்வர்பால் ஏழைகளுக்குத் திடீரென்று பற்றுப் பெருகிய விந்தையை வேறெந்த அகத்திணையிலும் காண முடியாது.

2001 பிப்ரவரியில், சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் தேடிக் கண்டு கேட்டறிந்தனர் மாதவ் கோயல் குழுவினர். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த அவ்வாய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். விற்றோரில் நூற்றுக்கு 96 பேர் கடனடைக்கவே விற்றனர். அவர்களுள் முக்கால்வாசிப் பேருக்கு, சராசரியாக ஆறாண்டுகள் கழிந்த பின்னும் கடன் இருந்தது. குடும்ப வருவாய் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் குன்றியதாகச் சொன்னார்கள். பாதிப்பேருக்கு வெட்டிய இடத்தில் தீராத வலி. விற்றோரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பிறருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்விக்கு 79 விழுக்காட்டினர் மாட்டோம் என்றனர்.

பாஸ்டனில் செய்ததும் இங்கே செய்ததும் ஒரே அறுவைதான். மூட்டை சுமப்பவருக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அறுவைக்குப் பின் ஓய்வேது, ஆண்டுதோறும் பரிசோதனை ஏது? பெற்றவரின் நலத்தை ஆண்டுக்கணக்கில் பதிந்துவைத்த மருத்துவம், விற்றவரை வாசலிலேயே மறந்துவிட்டது என்பது என் எண்ணம். முல்லைக்குத் தேர் ஈந்ததைக் கொடைமடம் என்றனர் நம் முன்னோர். வட்டிக்காரனுக்காக விலாவை அறுத்துக் கொடுத்ததற்கு நம்மிடம் சொல் இல்லை. அதனால்தானோ என்னவோ, விண்ணப்பங்களில் எல்லாம் 'தானம்' என்றே எழுதினோம்.

2007-இல் ஆழிப்பேரலையால் வீடிழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாயிற்று. மறு ஆண்டே தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புப் பெறும் முறையை ஒழுங்குபடுத்தியது. அத்திட்டம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அவ்வாறு கொடுத்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் செய்தித்தாள்களில் மீண்டும் ஓர் ஊர்ப்பெயர் அடிபட்டது: நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். இம்முறை விற்றவர்கள் விசைத்தறித் தொழிலாளர்கள். காரணம் கடன்.