ஜெனரல் சாப்பிடாத சிக்கன்

அமெரிக்காவுல அண்ணனோ, மச்சினியோ, காலேஜ் நண்பனோ இருந்தா இந்தப் பேரை நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க: ஜெனரல் ட்ஸோஸ் சிக்கன். அங்க ஊருக்கு ஊர் இருக்குற சைனீஸ் கடைகள்ல வெள்ளை அட்டைப்பெட்டியில கட்டிக் கொடுக்குற ஐட்டம். கோழித் துண்டுகளைக் கனமா மாவுல புரட்டி, எண்ணெயில முக்கிப் பொரிச்சு, பளபளன்னு இனிப்பும் காரமும் கலந்த சிவப்பு சாஸுல பிரட்டி, ஓரமா ரெண்டு ப்ரோக்கோலி வெச்சுத் தருவாங்க. கடைக்குக் கடை பேரும் கொஞ்சம் மாறும். ஜெனரல் சோ, ஜெனரல் காவ், ஜெனரல் டாவ்னு எல்லா அவதாரமும் உண்டு.

எண்ணெயும் சர்க்கரையும் குறைச்சு இதை வீட்டுல பண்ணலாமான்னு தங்கமணி கேட்டாங்க. பண்ணலாமேன்னு இறங்கினா, செய்முறையை விட அதுக்குப் பின்னாடி இருக்குற சரித்திரம் பெருசா இருக்கு. அதனால முதல்ல சரித்திரம், அப்புறம் சமையல். பசியோட இருக்குறவங்க நேரா கீழ போயிடலாம் :-)

யார் இந்த ஜெனரல்?

நிஜமாவே வாழ்ந்த மனுஷர்தான். பேரு சூவோ சோங்டாங். 1812-ல சீனாவோட ஹூனான் மாகாணத்துல, ஷியாங்யின்கிற ஊர்ல பிறந்தவர். பெரிய படிப்பாளி. ஆனா அரசாங்க உத்தியோகத்துக்கான உச்சகட்டப் பரீட்சையை மூணு தடவை எழுதி, மூணு தடவையும் தேறலை. ஊருக்குத் திரும்பி விவசாயம், பூகோளம்னு படிச்சுட்டு இருந்தவரை, தைப்பிங் கலகம் படைத்தளபதி ஆக்கிடுச்சு. 1864-ல அடங்குன அந்தக் கலகத்துல கோடிக்கணக்குல ஜனங்க செத்தாங்க. அப்புறம் 1870-களோட பிற்பகுதியில மேற்கே பாலைவனம் தாண்டிப் போய், ஷின்ஜியாங்கை யாகூப் பெக் கையில இருந்து மீட்டு சிங் பேரரசோட சேர்த்தார். 1885-ல ஃபூஜோ நகரத்துல இறந்தார். (இந்த ஃபூஜோவை ஞாபகம் வெச்சுக்கங்க, மறுபடி வரும்.)

இவருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமே கிடையாது! ஜெனிஃபர் 8. லீ-ங்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர், 2008-ல வந்த தன்னோட புத்தகத்துக்காக ஜெனரலோட சொந்த ஊருக்கே போய் விசாரிச்சார். அவரோட வம்சாவளியினர் இன்னமும் அங்க இருக்காங்க. அவங்க யாருக்கும் இப்படி ஒரு பதார்த்தம் இருக்குறதே தெரியலை.

சமைச்சவர் ஒரு அகதி

கோழிக்குச் சொந்தக்காரர் வேற ஆள். பெங் சாங்குவெய். அவரும் ஹூனான்காரர்தான். சின்ன வயசுலயே சாவ் ஜிங்சென்கிற பேர்போன சமையல்காரர்கிட்ட சிஷ்யனா சேர்ந்து தொழில் கத்துக்கிட்டார். ரெண்டாம் உலகப்போர் முடியுற சமயத்துல, சியாங் கை-ஷேக்கோட தேசியவாத அரசாங்கம் நடத்துற விருந்துகளுக்குப் பொறுப்பாளரா ஆயிட்டார். 1949-ல கம்யூனிஸ்டுகள் ஜெயிக்க, அந்த அரசாங்கம் தைவான் தீவுக்குத் தப்பிப் போச்சு. கூடவே சமையல்காரரும் போனார்.

தைபேயில 1950-கள்ல அவர் உருவாக்குனதுதான் இந்தப் பதார்த்தம். அமெரிக்கக் கடற்படைத் தளபதி ராட்ஃபோர்ட் வந்தப்போ பல நாள் விருந்து நடந்ததாவும், ஒரே மாதிரி போடக்கூடாதேன்னு புதுசா ஒண்ணு பண்ணினதாவும், பேர் கேட்டப்போ தன் மாகாணத்து வீரர் பேரையே வெச்சதாவும் அவர் பிற்காலத்துல சொல்லியிருக்கார். எலும்பெடுத்த தொடைக்கறி, சோயா, வினிகர், பூண்டு, இஞ்சி, காஞ்ச மிளகாய். புளிப்பு, காரம், உப்பு மூணும் தூக்கலா இருக்குற ஹூனான் ருசி. இனிப்பே கிடையாது. 2004-ல தைபேயில அவரைப் பேட்டி கண்ட பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளர் ஃபுக்ஷியா டன்லப்கிட்ட அவரே இதைச் சொல்லியிருக்கார்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. தைவான்ல இருந்து யாரும் சீனாவுல இருக்குற சொந்தக்காரங்களைப் போய்ப் பார்க்க 1987 நவம்பர் வரைக்கும் அனுமதி கிடையாது. முப்பத்தெட்டு வருஷம்! அம்மா அப்பா செத்தாக்கூட போக முடியாது. ஜெனரலோட பேரை அந்தத் தட்டுல வெச்ச மனுஷர், திரும்பிப் போக முடியாத ஊரோட பேரைத்தான் வெச்சிருக்கார். நமக்கு ஊருக்குப் போக தீபாவளி டிக்கெட் கிடைக்கலைன்னாலே மூணு நாள் மூட் அவுட்!

நியூயார்க்குல நடந்த கூத்து

1965-ல அமெரிக்கா தன்னோட குடியேற்றச் சட்டத்தை மாத்தி, நாட்டுவாரிக் கோட்டாவைத் தூக்குச்சு. 1972-ல அதிபர் நிக்சன் சீனா போனார். அவ்ளோதான், நியூயார்க்கே சைனீஸ் சாப்பாட்டுப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சது. ஹோட்டல் வெச்சிருந்தவங்க புது ஐட்டம் தேடி தைபே போனாங்க, பெங் கடையில சாப்பிட்டாங்க, திரும்பி வந்து தங்க கடையில போட்டாங்க. டி.டி. வாங்-ங்கிற சமையல்காரர் கோழியை இன்னும் மொறுமொறுப்பாப் பொரிச்சு, இனிப்பைக் கூட்டி, "ஜெனரல் சிங்ஸ் சிக்கன்"னு பேர் வெச்சார்.

பெங் 1973-ல தானே நியூயார்க் வந்து, ஐ.நா. சபைக்குப் பக்கத்துல கடை போட்டார். ஹென்றி கிஸிஞ்சர் அந்தக் கடைக்கு வாடிக்கையாளர். ஆனா அதுக்குள்ள நகல் ஊர் முழுக்கப் பரவியாச்சு. அசலைக் கொண்டு வந்தவரைப் பார்த்து, "இவர் அவங்களைக் காப்பியடிக்கிறார்"னு பேசினாங்க. போதாததுக்கு, அங்கத்து நாக்குக்காக அவரே கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டியதாப் போச்சு.

சர்க்கரை எதுக்கு வந்துச்சு?

"அமெரிக்கன் எல்லாத்துலயும் சர்க்கரை கொட்டுவான்"னு சொல்லிட்டுத் தாண்டிடலாம். ஆனா சமைச்சவங்க பக்கம் இருந்து பார்த்தா கதை வேற. 1882-ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. சீனத் தொழிலாளி எவனும் உள்ள வரக்கூடாது. 1943 வரைக்கும் இது நடைமுறையில இருந்துச்சு. அதை ரத்து பண்ணினப்போ கூட, வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் இடம்! வியாபாரிகளுக்கு மட்டும் முன்னாடியே விலக்கு உண்டு. 1915-ல ஒரு கோர்ட் தீர்ப்பு ஹோட்டல் முதலாளியையும் அந்த வியாபாரிக் கணக்குல சேர்த்துச்சு. உள்ள வர்றதுக்கும், வெளிய போயிட்டுத் திரும்பி வர்றதுக்கும் ஹோட்டல் ஒரு வாசல் ஆயிடுச்சு.

அந்த வாசல் திறந்தே இருக்கணும்னா கல்லாப்பெட்டி நிறையணும். எதிர்ல உக்காந்து சாப்பிடுறவன் முகம் சுளிக்காம இருக்கணும். எலும்பு இருக்கக் கூடாது, நாத்தம் இருக்கக் கூடாது, புரியாத எதுவும் தட்டுல இருக்கக் கூடாது. பொரிச்ச கோழி அவனுக்குத் தெரிஞ்ச பொருள், இனிப்பு தெரிஞ்ச ருசி. மெலிசா பொரிச்சது பார்சல் பெட்டிக்குள்ள ஆவியில நமுத்துப் போயிடும், அதனால மாவு கனமாகிக்கிட்டே போச்சு. 1980-களுக்கு அப்புறம் சின்னச் சின்ன ஊர்கள்ல எல்லாம் இந்தக் கடைகளைத் திறந்து வாரத்துல ஏழு நாளும் அடுப்புல நின்னவங்க பெரும்பாலும் எந்த ஊர்க்காரங்க தெரியுமா? ஜெனரல் கண் மூடின அதே ஃபூஜோ பக்கத்துக்காரங்க. அவங்க வீட்டுச் சாப்பாடு மீனும் சூப்பும். இந்தக் கோழியை விக்கத்தான் கத்துக்கிட்டாங்க.

2014-ல இந்தப் பதார்த்தத்தைப் பத்தி ஒரு ஆவணப்படம் வந்துச்சு. அதுல அமெரிக்கக் கடைகளோட கோழிப் படங்களைப் பெங்கிட்ட காட்டினாங்க. தனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளிட்டார் பெரியவர்.

வீட்டுல பண்றது எப்படி?

முதல்ல கடைக் கணக்கு. வாஷிங்டன்ல இருக்குற சென்டர் ஃபார் சயன்ஸ் இன் தி பப்ளிக் இன்ட்ரெஸ்ட் அமைப்பு 2007-ல வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு பார்சல் ஜெனரல் ட்ஸோஸ் சிக்கன்ல 1,300 கலோரி, 3,200 மில்லிகிராம் சோடியம். சோறு தனி. ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கே 2,300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கிறாங்க.

இப்ப நம்ம கணக்கு, நாலு பேருக்கு:

தோலும் எலும்பும் நீக்கின தொடைக்கறி அரைக் கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம், வறண்டு போயிடும். பெரிய நெல்லிக்காய் அளவு துண்டு போட்டு, ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ், ஒரு முட்டை மஞ்சள் கரு, ரெண்டு மேஜைக்கரண்டி சோள மாவு போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைங்க. உப்பு போடாதீங்க. ஒரு மேஜைக்கரண்டி சோயாவுலயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு.

சாஸுக்கு: ஒன்றரை மேஜைக்கரண்டி சோயா, ஒரு மேஜைக்கரண்டி தக்காளி பேஸ்ட், ஒரு மேஜைக்கரண்டி வினிகர், ஒரு டீஸ்பூன் சோள மாவு, அஞ்சு மேஜைக்கரண்டி தண்ணி. கலக்கி வெச்சுக்கங்க. சர்க்கரை இல்லாம முடியாதுன்னு பசங்க அடம் பிடிச்சா ஒரே ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல கிடையாது.

அகலமான இரும்புச் சட்டியை நல்லாக் காய வெச்சு ரெண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். கறியை ரெண்டு தடவையாப் பிரிச்சு, ஒட்டாம பரப்பி, கிளறாம விட்டு, ஒரு பக்கம் செவந்ததும் திருப்பிப் போடுங்க. மொத்தத்தையும் ஒரே ஈடா கொட்டினா தண்ணி விட்டு வெந்துடும், செவக்காது. நடுவுல வெட்டிப் பார்த்தா ரோஸ் நிறம் இல்லாம வெந்திருக்கணும். எடுத்து வெச்சுட்டு, அதே சட்டியில இன்னொரு மேஜைக்கரண்டி எண்ணெய், கிள்ளிப் போட்ட எட்டு காஞ்ச மிளகாய், பொடியா நறுக்கின இஞ்சி, பூண்டு. மிளகாய் நிறம் மாறுறதுக்குள்ள சாஸை ஊத்துங்க, கருகினா கசக்கும். கெட்டியானதும் கறியைப் போட்டு ரெண்டு பிரட்டு. கடைசியா வறுத்த வெள்ளை எள் ஒரு டீஸ்பூன். (சீனாக்காரங்க ஊத்துறது வறுத்த எள்ளோட எண்ணெய், நம்ம நல்லெண்ணெய் வாசனை வேற. எள்ளையே வறுத்துப் போட்டா கிட்டக்க வரும்.)

சட்டி மொத்தமும் கூட்டினா சுமார் 1,100 கலோரிதான் வருது. நாலு பேர் சாப்பிடுறது, அங்க ஒருத்தருக்குக் கட்டித் தர்ற பெட்டியை விடக் கம்மி. சோடியம் ஆளுக்குச் சுமார் 700 மில்லிகிராம் வரும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, நாம எடுத்தது ரெண்டே சமாச்சாரம்: கனமான மாவு, சர்க்கரைப் பாகு. ரெண்டுமே நியூயார்க் வந்த பிறகு ஏறினது. பெங்கும் எண்ணெயில முக்கித்தான் பொரிச்சார், அது மட்டும்தான் நாம செஞ்ச மாத்தம். "டயட்" சாப்பாடுன்னு நெனச்சுப் பண்றது, ருசியில 1950-களோட தைபேக்குப் பக்கத்துல போய் நிக்குது.

அதுக்கும் பின்னாடி?

சரி, தைபேக்கும் பின்னாடி ஹூனான்ல ஒரு "அசல்" இருக்கான்னு கேட்டா, இல்லை. வழி திறந்த பிறகு, 1990 வாக்குல, பெங் ஹூனானோட தலைநகர் சாங்ஷாவுல போய் ஒரு கடை திறந்தார். பட்டியல்ல ஜெனரல் கோழியும் இருந்துச்சு. தன் ஊர் ருசின்னு நாப்பது வருஷமா உலகத்துக்கே ஊட்டினதை, ஊர்க்காரங்க முன்னாடியே கொண்டு வெச்சார். கடை ரொம்ப நாள் ஓடலை. அந்தக் கோழி ஊர்ல ஒட்டவும் இல்லை. 2016-ல தைபேயிலதான் இறந்தார்.

நமக்குத் தெரிஞ்ச சிக்கன் மஞ்சூரியனும் இதே ஜாதிதான். கொல்கத்தாவுல பிறந்த சீனர் நெல்சன் வாங், 1975-ல மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுல ஆரம்பிச்சு வெச்சது. மஞ்சூரியாவுல கேட்டா முழிப்பாங்க. அதுக்குப் பதிமூணு வருஷம் முன்னாடி, 1962 போரப்போ, இந்த நாட்டுலயே பிறந்து வளர்ந்த சீனர்கள் ஆயிரக்கணக்குல ராஜஸ்தான் தேவ்லி முகாம்ல அடைக்கப்பட்டாங்க. அதை எத்தனை பேர் ஞாபகம் வெச்சிருக்கோம்? கோபி மஞ்சூரியன் மட்டும் நம்ம கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துடுச்சு.

அதனால, வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்ம வீடுகள்ல, கடுகு எண்ணெயில தாளிச்ச கூட்டையோ ராஜ்மா போட்ட குழம்பையோ பார்த்து "இது நம்ம சாப்பாடே இல்லை"னு ஊர்ல இருந்து வந்த பெரியவங்க யாராவது சொன்னா, சண்டை போடாதீங்க. ரசத்துல போடுற தக்காளியும் மிளகாயும் கூட கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதான், ஹூனான்காரங்களுக்கும் மிளகாய் அங்க இருந்துதான் வந்துச்சுன்னு மெதுவா சொல்லிப் பாருங்க. கேக்கலைன்னா விடுங்க, இன்னொரு கரண்டி பரிமாறுங்க. சோயா பாட்டில் திறக்குறப்போ மட்டும் அவங்க கையில உப்பு டப்பா மாட்டாம பார்த்துக்கங்க!