ஒரு முழக் கொம்பு

கண்ணாற் காணாத விலங்கை மெய்யென்று பிறர் நம்புமாறு எழுதுவது எங்ஙனம்? இதனை அறிய விரும்புவோர் டீசியஸ் என்னும் கிரேக்க மருத்துவரை நோக்குவாராக. பாரசீக மன்னன் அவையில் மருத்துவராயிருந்த இவர், கி.மு. 400-ஐ ஒட்டி இந்தியாவைப்பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தியாவை இவர் கண்டதில்லை. அவைக்கு வந்தோர் வாய்மொழியையே பெரிதும் நம்பினார். அந்நூலும் மறைந்து, பிற்காலத்தார் எழுதிய சுருக்கமும் மேற்கோள்களுமே எஞ்சியுள்ளன.

இந்தியாவில் ஒற்றைக்கொம்புடைய காட்டுக்கழுதைகள் உண்டு என்கிறார் டீசியஸ். உடல் வெண்மை, தலை செம்மை, கண் நீலம். நெற்றிக் கொம்பின் நீளம் ஏறக்குறைய ஒரு முழம். அதன் அடி வெண்மை, நடு கருமை, நுனி செம்மை. அக்கொம்பாற் செய்த கிண்ணத்தில் நீர் பருகுவோரை நஞ்சும் வலிப்பும் அணுகாவாம்! காண்டாமிருகத்தைப்பற்றிய செவிவழிச் செய்தியே இங்ஙனம் திரிந்தது என்பர் ஆராய்ச்சியாளர்.

இதனைக் கற்றோரும் நம்பியது ஏன்? முதலாவது, அளவு. ‘நீண்ட கொம்பு’ என்றால் ஐயுறுவோம். ‘ஒரு முழம்’ என்றாலோ, யாரோ அளந்திருக்கவேண்டும் என்று எண்ணுகிறோம். தோட்டத்திற் கணக்கெழுதும் நாம் இதனை நன்கறிவோம். ஏட்டில் ஏறிய எண்ணுக்குள்ள மதிப்பு, உழைத்தவன் வாய்ச்சொல்லுக்குக் கிடைப்பதில்லை அன்றோ?

இரண்டாவது, மெய்யோடு பொய்யைக் கலத்தல். மனிதர்போற் பேசும் கிளியையும் அந்நூல் கூறுகிறது. கிளி மெய், ஆகவே அதனருகே நிற்கும் கழுதையும் மெய்யாகத் தோன்றுகிறது. மூன்றாவது, அடக்கம். தாம் கண்டவற்றையும் கண்டவர் சொல்லக் கேட்டவற்றையுமே எழுதியதாகவும், இவற்றினும் வியப்பானவற்றைப் பிறர் நம்பார் என அஞ்சி விட்டுவிட்டதாகவும் டீசியஸ் கூறுகிறார். சொல்லாது விட்டதைக் காட்டிச் சொன்னதை நம்பவைக்கும் இச்சூழ்ச்சியே யாவற்றினும் வலிது.

நான்காவது, பெரியோர் வாக்கு. டீசியஸ் நம்பத்தக்கவரல்லர் என்றெழுதிய அரிஸ்டாட்டிலே, ஒற்றைக்கொம்புடைய இந்தியக் கழுதையைத் தம் நூலிற் சேர்த்துக்கொண்டார். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினியும் ஒற்றைக்கொம்பு விலங்கை எழுதினார். எபிரேய மறையின் காட்டெருது, கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒற்றைக்கொம்பனாயிற்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அவ்வாறே நின்றது. மறையில் உள்ளதை மறுக்கத் துணிந்தவர் எத்தனைபேர்?

நமக்கு அண்டையிலுள்ள சுமத்திராவுக்கும் இக்கதையில் இடமுண்டு. 1292-ஐ ஒட்டி அங்கே தங்கிய மார்க்கோ போலோ, காண்டாமிருகத்தை ஒற்றைக்கொம்பன் என்றே எழுதினார். ஆயினும் அது சேற்றிற் புரளும் அழகற்ற விலங்கு என்றும், தம் நாட்டார் கதைப்பது போன்றதன்று என்றும் ஒளியாமற் கூறினார். குரங்குகளின் மயிரைக் களைந்து உலர்த்தி, அவற்றைக் குள்ளமனிதர் எனச் சிலர் விற்ற மோசடியையும் அவரே வெளிப்படுத்தினார். பெயரில் ஏமாந்தவரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவிலோ, ஒற்றைக்கொம்பன் கொம்பென்று நெடுங்காலம் பெருவிலைக்கு விற்கப்பட்டது வடகடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில வகையின் பல்லே. 1638-இல் டென்மார்க்கு அறிஞர் ஓலே வோர்ம் இதனை மெய்ப்பித்தார். ஆயினும், அந்நாட்டிலேயே 1671-இல் முடிசூடிய மன்னனுக்கு அப்பற்களாலேயே அரியணை அமைந்தது. மெய் வெளியானவுடன் பொய் மடிந்துவிடுவதில்லை. மதிப்புள்ள இருக்கை கிடைத்தால் அதன்மீது அமர்ந்துகொள்கிறது.

தோழர்களே! ஏட்டில் உள்ளது, அச்சில் வந்தது, முன்னோர் மொழிந்தது என்பவை சான்றாகா. அவற்றை எழுதியவனும் நம்மைப்போற் பிறர் சொல்லக் கேட்டவனாயிருக்கலாம். எவரேனும் நம்முன் வந்து கொம்பு ஒரு முழம் என்றால், முழம் போட்டவர் யார் என்று கேட்போமாக. அக்கேள்விக்கு எழுத்தறிவும் வேண்டுவதில்லை. அஞ்சாமை ஒன்றே போதும்.